1700-க்குக் கீழே

ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, எழுபத்தாறாவது வயதில், மறுபடியும் ஒரு பரீட்சைக் கூடத்தில் போய் உட்கார வேண்டி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் அதுதான் நடந்தது. இடம் நாக்பூர். ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அத்துடன் சனி, ஞாயிறு. மூன்று நாட்களில் எட்டுச் சுற்றுகள் கொண்ட சதுரங்கப் போட்டி. ரேட்டிங் 1700-க்குக் கீழே உள்ளவர்களும், ரேட்டிங்கே இல்லாதவர்களும் மட்டும் ஆடலாம். எங்கள் ஊர்ப் பெண் திவ்யா தேஷ்முக் 2025 ஜூலையில் ஜார்ஜியா நாட்டின் பாதுமி நகரில் மகளிர் உலகக் கோப்பையை வென்று கிராண்ட்மாஸ்டரும் ஆன சில மாதங்களுக்குப் பிறகு நடந்த போட்டி என்பதால், கூட்டத்திற்குக் கேட்க வேண்டியதில்லை. 212 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

என் பேரனுக்குப் பதினோரு வயது. அவனை அழைத்துக்கொண்டு போவது என் வேலை. பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் தாழ்வாரத்தில் பாய் விரித்து, தயிர்சாதப் பாத்திரத்தைக் காவல் காப்பதுதான் இம்மாதிரிப் போட்டிகளின் வழக்கம். ஒருநாள் அவனே சொன்னான்: "தாத்தா, சும்மா வெளியிலே ஒக்காந்துண்டுதானே இருக்கேள்? நீங்களும் ஆடுங்கோளேன். அறுபது வயசுக்கு மேலே தனிப் பரிசு உண்டு." என் பெயரையும் அவனே பதிவு செய்துவிட்டான்.

இந்தக் கட்டுரை அந்த மூன்று நாட்களைப் பற்றியது மட்டும் அல்ல. சாமானிய ஆட்டக்காரனுக்கு என்று ஒரு போட்டி எப்படி உண்டாயிற்று, அவனுக்கு ஒரு எண் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது எனக்குச் சுவாரஸ்யமான சரித்திரமாகப் பட்டது. அதோடு, நான் பதவியில் இருந்தபோது செய்த ஒரு காரியத்தையும் அது கிளறிவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திண்ணை ஆட்டம்

நம்மில் பலர் சதுரங்கம் கற்றது திண்ணையில்தான். என் தாத்தா ராணியை மந்திரி என்பார். நாக்பூருக்கு வந்த பிறகு, இங்கே அதே காயை வஜீர் என்றும், நாம் மந்திரி என்னும் காயை ஒட்டகம் என்றும் சொல்லக் கேட்டேன். பெயர் மட்டுமல்ல, விதிகளும் வேறாக இருந்தன. நமது நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் நகர்வு கிடையாது. அதற்குப் பதில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம்.

நம்மவர்கள் இதை வெறும் பொழுதுபோக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. திருவேங்கடாசார்ய சாஸ்திரி என்பவர் (பெயரே தென்னாட்டைச் சொல்கிறது) சமஸ்கிருதத்தில் 'விலாஸமணிமஞ்சரி' என்று ஒரு சதுரங்க நூல் இயற்றினார். அதன் ஆங்கில வடிவம் 1814-ல் பம்பாயில் அச்சானது. கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜி என்பவர் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருடன் ஆடிய ஆட்டங்கள் எழுதி வைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் 'இந்தியன்' என்ற பெயரோடு வழங்கும் தொடக்க முறைகளுக்கு அவருடைய ஆட்டமே முன்னோடி. ஆனால் திண்ணையில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், தெருக்கோடியைத் தாண்டி அவன் யாரோடு சமம், யாருக்குக் கீழே என்று அறிய வழியே இல்லை.

தோற்றவன் வீட்டுக்குப் போ

முதல் சர்வதேசப் போட்டி 1851-ல் லண்டனில் நடந்தது. பதினாறு பேர். தோற்றவர் வெளியேற வேண்டியது என்ற முறை. ஜெர்மனியின் ஆண்டர்சென் வென்றார். பிரான்ஸிலிருந்து வந்த கீஸெரிட்ஸ்கி முதல் சுற்றிலேயே அதே ஆண்டர்சென்னிடம் தோற்று வெளியேறினார். குருட்டு அதிர்ஷ்டம் யாரோடு யாரைக் கோக்கிறதோ அதுதான் முடிவு. பிறகு ஒவ்வொருவரும் எல்லோருடனும் ஆடும் முறை வந்தது. அது நியாயமானது, ஆனால் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் சரிப்படும். எங்கள் போட்டியின் 212 பேரும் ஒருவருக்கொருவர் ஆடினால் 211 சுற்றுகள், 22,366 ஆட்டங்கள் ஆகும். மூன்று நாள் போதாது, இரண்டு மாதமும் போதாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஸ்விட்ஸர்லாந்துக்காரரான டாக்டர் ஜூலியஸ் முல்லர். 1895-ல் ஜூரிச்சில் அவருடைய முறை முதன்முதலில் பயன்பட்டது. அதனால் அதற்கு 'ஸ்விஸ் முறை' என்றே பெயர். யாரும் வெளியேற வேண்டாம், எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி பெற்றவர்களே ஒருவரோடொருவர் மோத வேண்டும், ஒரே எதிராளியை இரண்டு முறை சந்திக்கக் கூடாது. முதல் சுற்றில் பட்டியலின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மோதும். நான் 150-ஆவது ஆள், ஆகவே எனக்கு வாய்த்தவர் 44-ஆவது ஆள். வென்றவன் வென்றவனோடும், தோற்றவன் தோற்றவனோடும் சேரச் சேர, மூன்றாம் நான்காம் சுற்றுக்குள் அவரவர்க்கு ஏற்ற எதிராளி தானாகவே எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். 848 ஆட்டங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

இதன் பெருமை உச்சியில் இருப்பவர்களுக்குப் புரியாது. முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கு இரண்டாவது ஆட்டம் உண்டு என்பதே சாமானியனுக்குக் கிடைத்த முதல் உரிமை.

இன்னொரு சாதனமும் தேவைப்பட்டது. ஒரு நகர்வுக்கு இரண்டு மணி நேரம் யோசித்த மகான்கள் அந்தக் காலத்தில் உண்டு. மணல் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். 1883-ல் லண்டன் போட்டியில்தான் இரட்டைக் கடிகாரம் வந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்ஸன் என்பவரின் யோசனை அது. கடிகாரம் இல்லாவிட்டால் ஆட்டம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. எப்போது முடியும் என்று தெரியாத போட்டிக்கு, திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டியவன் எப்படி வருவான்?

ஆபீஸ்காரர் ஒருவர் கண்ட கணக்கு

ஸ்விஸ் முறை வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. யார் பலசாலி, யார் புதியவர் என்பதை எப்படி அறிவது? இங்கிலாந்துப் போட்டிகளில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று வெகுகாலமாகவே பிரித்து வந்தார்கள். யார் எந்த வகுப்பு என்பதை அமைப்பாளர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத் தீர்மானித்தார்கள். தெரிந்த முகத்துக்கு ஒரு நீதி, தெரியாத முகத்துக்கு ஒரு நீதி.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு, பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில், ஆட்டக்காரருக்கு எண் கொடுக்கும் யோசனை பிறந்தது. ஜெர்மனியில் 1948-ல் ஆன்டன் ஹோஸ்லிங்கர் ஒரு முறை வகுத்து, தம் ஊரான இங்கோல்ஸ்டாட்டின் பெயரைச் சுருக்கி 'இங்கோ' என்று வைத்தார். அமெரிக்காவில் 1950-ல் கென்னத் ஹார்க்னெஸின் முறை வந்தது. இங்கிலாந்தில் 1950-களில் இதைச் செய்தவரைப் பற்றிப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனெனில் அவர் நம் ஜாதி, அதாவது அரசாங்க உத்தியோகஸ்தர்! ரிச்சர்ட் கிளார்க் என்ற அவர் பிரிட்டிஷ் நிதித்துறையில் உயர் அதிகாரி. இளமையில் பத்திரிகையில் இருந்தபோது, லண்டன் பங்குச் சந்தையின் முப்பது பங்குக் குறியீட்டு எண்ணை உருவாக்கியவர்களில் ஒருவர். பிற்பாடு ஸர் பட்டமும் பெற்றார்.

அவருடைய கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஒருவரை வென்றால் அவருடைய எண்ணோடு ஐம்பதைக் கூட்டு. தோற்றால் ஐம்பதைக் கழி. டிரா என்றால் அவர் எண்ணே உனக்கு. எல்லாவற்றுக்கும் சராசரி எடு, அதுதான் உன் எண். கால்குலேட்டர் கூட வேண்டாம். இங்கிலாந்து இந்த மூன்றிலக்க எண்ணை 2020 வரை விடாமல் வைத்திருந்தது. அந்த ஆண்டுதான், பழைய எண்ணை ஏழரையால் பெருக்கி 700 கூட்டி, உலக வழக்கத்தை ஒட்டிய நான்கிலக்கத்துக்கு மாறினார்கள்.

உலக வழக்கம் என்று நான் சொல்வது அர்பாத் ஈலோவின் முறை. 1903-ல் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா சென்று, மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். விஸ்கான்ஸின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவரும் கூட. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிய எனக்கு, பரிசோதனைச் சாலையில் படித்த பிழைக் கோட்பாடு இங்கே வந்து நிற்பதைக் கண்டு பரம சந்தோஷம். ஒருவர் தினமும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. அவருடைய ஆட்டம் ஒரு சராசரியைச் சுற்றி மேலும் கீழுமாகச் சிதறும். அந்தச் சிதறலின் அளவை ஈலோ 200 என்று வைத்துக்கொண்டார். இருவருக்குள் 200 வித்தியாசம் என்றால், மேலே உள்ளவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி பெறுவார் என்று எதிர்பார்க்கலாம். 400 வித்தியாசம் என்றால் 92. எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். அமெரிக்கச் சம்மேளனம் 1960-ல் இதை ஏற்றது. உலக சம்மேளனமான ஃபிடே 1970-ல் ஏற்றது.

ஈலோவே தம் முறையைப் பற்றி அதிகமாகப் பெருமை பேசவில்லை. தண்ணீரில் மேலும் கீழும் ஆடும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்ற வேலை இது என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார். இந்த உவமையைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சனி, ஞாயிறு

ஸ்விஸ் முறை, கடிகாரம், எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததும் வார இறுதிப் போட்டி பிறந்தது. 1960-களில் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் நடந்தவை முன்னோடிகள். வெள்ளி மாலை ஒரு சுற்று, சனி, ஞாயிறு இரண்டு மூன்று சுற்றுகள், ஞாயிறு இரவு ரயில், திங்கள் காலை வேலை. 1972-ல் ரெய்க்யவிக்கில் பாபி ஃபிஷர் ஸ்பாஸ்கியை வென்றதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜனங்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். அமெரிக்காவில் 1973-ல் தொடங்கிய 'வேர்ல்ட் ஓபன்' போட்டியில், குறைந்த எண் உடையவர்களுக்குத் தனிப் பிரிவும் நல்ல பரிசுத் தொகையும் வைத்தார்கள்.

பரிசு வந்தால் கபடமும் கூடவே வருமே! சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே தோற்று எண்ணைக் குறைத்துக்கொண்டு, பெரிய போட்டியின் கீழ்ப்பிரிவில் நுழைந்து பணத்தை அள்ளும் மகானுபாவர்கள் தோன்றினார்கள். அதைத் தடுக்க, ஒருவர் எண் ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே முடியாது என்று அமெரிக்காவில் தனி விதி செய்ய வேண்டி வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். அகில இந்திய சதுரங்க சம்மேளனம் 1951-ல் தோன்றியது. முதல் தேசியப் போட்டி 1955-ல் ஆந்திராவின் ஏலூரில் நடந்தது. சாப்ரே, வெங்கையா இருவரும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். மானுவேல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் மிகயீல் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. ஆறு வயதில் தாயாரிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் வளர்ந்து, 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

ஆனால் எண் விஷயத்தில் சாமானிய இந்தியனுக்கு இடமே இல்லை. ஃபிடே பட்டியலில் ஆண்களுக்கு 2200-க்குக் கீழே எண்ணே வெகு காலம் கிடையாது. 'நேஷனல் பி' போட்டியில் நூற்றுக்கணக்கானோர் மோதுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு உலகக் கணக்கில் பெயரே இல்லை. 1993-ல் இந்த எல்லை 2000 ஆயிற்று. பிறகு படிப்படியாக இறங்கி 2012-ல் 1000 வரை வந்தது. வாசல் திறந்ததும் நம் குழந்தைகள் உள்ளே பாய்ந்தார்கள். தில்லியில் நடக்கும் கிராண்ட்மாஸ்டர் போட்டியிலேயே கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்கென்று 'சி' பிரிவு வந்தது. இன்று நாட்டின் எந்தப் பெரிய ஊரிலும் '1600-க்குக் கீழே', '1800-க்குக் கீழே' என்ற அறிவிப்பைப் பார்க்கலாம்.

வாசலை விரியத் திறந்ததில் ஒரு சங்கடம். குழந்தைகள் மின்னல் வேகத்தில் முன்னேற, அவர்களுடைய எண் நத்தை வேகத்தில் வந்தது. 1100 என்று போட்டிருக்கும் பையன் 1500-க்கு உரிய ஆட்டம் ஆடுவான். அவனிடம் தோற்ற பெரியவருக்கு வீண் நஷ்டம். ஆகவே 2024 மார்ச்சில் ஃபிடே ஒரு திருத்தம் செய்தது. குறைந்தபட்ச எண் 1400 ஆயிற்று. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் பத்தில் நான்கு பங்கு ஒரே தடவையாகக் கூட்டப்பட்டது. 1100 வைத்திருந்தவர் ஒரே நாளில் 1460 ஆனார். நம் சம்பளக் கமிஷனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் ஆடிய லட்சணம்

முதல் சுற்றில் கல்லூரி மாணவர் ஒருவர் இருபத்தெட்டு நகர்வில் என்னை முடித்தார். இரண்டாவது சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்தவளுக்கு வயது ஒன்பது. கால் தரையை எட்டவில்லை. பதினைந்தாவது நகர்வில் நான் மந்திரியைத் தொட்டுவிட்டு, ஆபத்தைப் பார்த்து, யானையை எடுத்தேன். அந்தக் குழந்தை ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தியது. நடுவர் வந்தார். "தொட்டீர்களா?" என்று என்னைக் கேட்டார். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களிடம் விதி பேசிய நான், "ஆமாம்" என்றேன். தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது விதி. நகர்த்தினேன், மந்திரி போயிற்று, ஆட்டமும் போயிற்று. முடிந்ததும் அவள் மராத்தியில், "ஆஜோபா, அதற்கு முன்னாடியே உங்கள் குதிரை தப்பான இடத்தில் இருந்தது" என்று ஆறுதல் சொன்னாள்.

அப்புறம் இருவரும் முடிவுச் சீட்டில் கையெழுத்திட்டோம். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் நகர்வுகளை இருவரும் தனித்தனியே எழுதுகிறோம். முடிவில் இருவரும் கையெழுத்திடுகிறோம். மேஜை எண், எதிராளி, முடிவு எல்லாம் சுவரில் ஒட்டப்படுகின்றன, இணையத்தில் ஏறுகின்றன. யாருக்கு எவ்வளவு கூடிற்று, குறைந்தது என்பதைத் தசம ஸ்தானம் வரை எவரும் சரிபார்க்கலாம். ஒன்பது வயதுக் குழந்தையின் எண்ணை நிர்ணயிப்பதற்கே இத்தனை வெளிச்சம்.

1993-ஐ நினைத்துக்கொண்டேன்.

'நன்று'

அப்போது என் கீழே ஒரு மராட்டிய அதிகாரி பணிபுரிந்தார். கெட்டிக்காரர். அலுவலகக் கேளிக்கை மன்றத்தில் சதுரங்கத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. மதிய இடைவேளையில் பலகை முன்னால் உட்காருவார். சில நாட்கள் இரண்டு மணிக்குப் பதில் இரண்டேகாலுக்கு இருக்கைக்குத் திரும்புவார். அவர் மேஜையில் எந்தக் கோப்பும் தங்கியதில்லை. அந்த ஆண்டு ரகசிய அறிக்கை எழுதும் நாள் வந்தது. 'மிக நன்று' என்று எழுத வேண்டிய கட்டத்தில், அந்தக் கால் மணி நேரத்தை நினைத்து, 'நன்று' என்று எழுதினேன். நன்று என்பது கெட்ட வார்த்தையா என்ன? பாதகமான குறிப்புகளை மட்டும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தால் போதும் என்பது அப்போதைய விதி. நன்று பாதகம் இல்லை. ஆகவே அவருக்குத் தெரியவும் இல்லை.

அவர் எதிர்பார்த்த உயர்பதவிக்கு அளவுகோல் 'மிக நன்று'. அவருடைய பெயர் விடுபட்டது. அவரைவிட இளையவர்கள் முன்னே போனார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது. காரணம் என் கையெழுத்து என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

இது என் ஒருவன் கதை இல்லை என்பதை 2008 மே மாதம் அறிந்தேன். எல்லைச் சாலைகள் அமைப்பில் எக்ஸிகியூட்டிவ் என்ஜினியராக இருந்த தேவ் தத் என்பவருக்கு, மற்ற ஆண்டுகளில் 'மிக நன்று' இருக்க, 1993-94-ல் மட்டும் 'நன்று' என்று எழுதப்பட்டதால் பதவி உயர்வு தடைப்பட்டது. அதே வருஷம், அதே வார்த்தை! சொல் எதுவாக இருந்தாலும் விளைவு பாதகம் என்றால் அது பாதகமே, எந்த மதிப்பீடானாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல இடம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-ல் மத்திய அரசு அறிக்கை முழுவதையும் ஊழியருக்குக் காட்ட உத்தரவிட்டது. இப்போது ஒன்று முதல் பத்து வரை எண்ணும் போடுகிறார்கள். நான் அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றேன்.

எண் போடுவதில் தவறில்லை. ஸர் ரிச்சர்ட் கிளார்க்கும் ஒரு அதிகாரிதான். ஆனால் அவர் வகுத்த எண், எதிரில் இருப்பவன் பார்க்கும்படியாக, எதிரில் இருப்பவனாலேயே பிறக்கிறது. நான் போட்ட எண் மூடிய அறையில் பிறந்தது.

வீட்டில் ஒரு விவாதம்

இதைச் சொல்லக் காரணம் உண்டு. போட்டிக்கு முன் வீட்டில் ஒரு வாக்குவாதம். என் பேரனுடைய ரேட்டிங் 1682-லிருந்து 1621-க்கு இறங்கியிருந்தது. என் மகன், "அறுபது பாயின்ட் போச்சு. இவனுக்கு இதிலே எதிர்காலம் இல்லைப்பா. கோச்சிங்கை நிறுத்திட்டுப் படிப்பைப் பாக்கட்டும்" என்றான். பையன் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தான்.

போட்டி முடிந்த ஞாயிறு இரவு, காகிதம் பென்சில் எடுத்துக்கொண்டு மகனை உட்கார வைத்தேன். "இந்த வயசுப் பிள்ளைகளுக்கு நாற்பதாலே பெருக்கறா. தன்னைவிட 200 குறைஞ்சவன்கிட்டே ஒரு தடவை தோத்தா முப்பது போகும். ரெண்டு தடவை தோத்தா அறுபது. ரெண்டே ரெண்டு ஆட்டம்டா! எட்டு ஆட்டத்தை வெச்சு ஒருத்தனை எடை போட்டா, நூறு புள்ளி இப்படி அப்படி ஆறது சகஜம். நீ என்ஜினியரிங் படிச்சவன், உனக்குப் பிழைக் கணக்கு தெரியாதா?"

"இந்தத் தடவை அஞ்சரை எடுத்திருக்கான். இருபது ஏறும்போல இருக்கு" என்றான் மகன், கொஞ்சம் இறங்கி வந்து.

"அதையும் ரொம்ப நம்பாதே" என்றேன். தக்கை, கயிறு, அளவுகோல் கதையைச் சொன்னேன். ஒரு வார்த்தையை நம்பி நான் ஒருவரை அளந்த கதையையும் சொன்னேன். அதை என் மகன் அதுவரை கேட்டதில்லை. அவன் பேசவில்லை. மறுநாள் கோச்சிங் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தான்.

எனக்கு இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. அந்த மராட்டிய அதிகாரியும் ஓய்வு பெற்று இதே ஊரில்தான் இருக்கிறார். கல்யாணங்களில் பார்த்தால் கை கூப்புவோம், அவ்வளவுதான். அவருக்குப் போன் செய்தேன். 1993-ல் எழுதியதைச் சொன்னேன். அவர் இந்தியில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "தெரியும் ஸாப். தேவ் தத் தீர்ப்பு வந்தபோதே ஊகித்துக்கொண்டேன். அந்த இரண்டு வருஷம் இன்றைக்கும் மாதாமாதம் என் பென்ஷனில் குறைந்து வருகிறது."

நான் பேச முடியாமல் இருந்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே, "எதற்கு இப்போது ஞாபகம் வந்தது?" என்றார். போட்டியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை புள்ளி என்று கேட்டார். எட்டுக்கு மூன்று என்றேன்.

"அப்படியானால் 'நன்று' என்று போடலாம்" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். இதுவரை ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கவில்லை. எனக்கு இன்னும் ஃபிடே எண்ணும் கிடைக்கவில்லை. எண் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு நான்கு பேர்தான் அமைந்தார்கள். ஒன்று குறைகிறது. அடுத்த போட்டிக்குப் பேரன் எங்கள் இருவர் பெயரையும் பதிவு செய்துவிட்டான். அந்தப் பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களில் பேரன் பேத்திகளை இம்மாதிரிப் போட்டிகளுக்கு அழைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தாழ்வாரத்தில் பாத்திரத்தைக் காவல் காப்பதோடு நில்லாமல் உள்ளேயும் போய் உட்கார்ந்து பாருங்கள். குழந்தையின் எண் இறங்கினால் கவலைப்படாதீர்கள், ஏறினால் தலைகால் புரியாமல் ஆடவும் வேண்டாம். இன்னும் பதவியில் இருந்து பிறருக்கு மதிப்பெண் போடும் இளைய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை: கையெழுத்துப் போடும் முன், எதிரில் அந்த மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்ட காயைப் பிறகு மாற்ற முடியாது.